தலைக்கும் தோலுக்கும் மழைநீர்: பிடிப்பதிலிருந்து கடைசி அலசல் வரை

மழைநீரில் தலைக்குக் குளித்தால் முடி பட்டுப்போல் ஆகிறது என்பவர்கள் பொய் சொல்லவில்லை. அதற்குச் சொல்லும் காரணம்தான் பெரும்பாலும் தப்பு. முடியை வளர்க்கிற சத்து எதுவும் மழைநீரில் கிடையாது. தோலை விட்டு வெளியே வந்துவிட்ட முடி உயிரில்லாத கெரட்டின். ஊட்டினாலும் அது சாப்பிடாது. மழைநீரில் வைட்டமின் பி12 இருக்கிறது என்று சுற்றும் செய்தியையும் ஒதுக்கிவிடலாம். தேங்கிய நீரில் அது இருந்தால், அதைத் தயாரித்த பாக்டீரியாவும் அதே வாளியில்தான் இருக்கும்.

மழைநீரில் கால்சியம், மக்னீசியம், பைகார்பனேட் மூன்றும் ஏறக்குறைய இல்லை. பலன் முழுக்க அங்கிருந்துதான் வருகிறது. எவ்வளவு ஷாம்பு போடுவது, வினிகரை ஏன் குறைக்க வேண்டும், யாருக்கு இது வீண்வேலை என்பதெல்லாம் இந்த ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் தானாக விளங்கும்.

கண்ணால் பார்க்க ஒரு சின்னச் சோதனை. ஒரே மாதிரி இரண்டு கண்ணாடி பாட்டில்களை எடுத்து, ஒன்றில் 200 மில்லி குழாய்த் தண்ணீர், மற்றதில் 200 மில்லி மழைநீர் ஊற்றுங்கள். குளியல் சோப்பைக் கத்தியால் சுரண்டி இரண்டிலும் ஒரே அளவாக ஒரு சிட்டிகை போட்டு, மூடி, இருபது முறை குலுக்குங்கள். மழைநீர் பாட்டிலில் நுரை கழுத்துவரை ஏறி அப்படியே நிற்கும். குழாய்த் தண்ணீர் உப்புத் தண்ணீராக, அதாவது கால்சியம் மிகுந்ததாக இருந்தால், அந்தப் பாட்டிலில் நுரை எழும்பியதும் அமுங்கும்; தண்ணீர் பால் கலந்தாற்போல் கலங்கும்; கொஞ்ச நேரம் வைத்தால் திரிந்த பாலைப் போல வெள்ளைத் துணுக்குகள் மேலே மிதக்கும். சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டான, நீரில் கரையாத பொருள் அது. குளியலறைத் தரையிலும் பக்கெட் விளிம்பிலும் சாம்பல் நிறத்தில் படிவதும் அதுவே. தலையில் படிந்தால் முடி சொரசொரக்கும், சீப்பின் பல்லில் மாவு மாதிரி ஒட்டும். இந்தச் சோதனைக்கு ஷாம்பு வேண்டாம். அதில் இருப்பது பெரும்பாலும் கால்சியத்தோடு சேர்ந்து திரியாத சல்பேட் வகை நுரைப்பான், ஆகவே வித்தியாசம் தெளிவாகத் தெரியாது. 'சோப்பு இல்லாத கட்டி' என்று விற்கப்படுபவையும் அப்படித்தான்.

அளவு தெரிய வேண்டுமானால் நீரின் கடினத்தன்மையை, அதாவது அதில் கரைந்த கால்சியம், மக்னீசியத்தின் அளவைக் காட்டும் பட்டைத்தாள் போதும். கால்சியம் கார்பனேட் கணக்கில் லிட்டருக்கு 60 மி.கி. வரை மென்மையான நீர், 61 முதல் 120 வரை மிதமான கடினம், 121 முதல் 180 வரை கடினம், அதற்கு மேல் மிகக் கடினம். மழைநீர் பெரும்பாலும் ஒற்றை இலக்கத்தில்தான் நிற்கும். உங்கள் குழாய்த் தண்ணீரே 60-க்குக் கீழே இருந்தால் மழைக்காக வாளி வைத்துக் காத்திருப்பதில் அர்த்தமில்லை. வித்தியாசம் கைக்குத் தெரியாது. 200, 300 என்று காட்டினால் முதல் அலசலிலேயே தெரியும்.

ஷாம்பு திரியாது என்றால் ஷாம்பு போடுகிறவருக்கு மழைநீரால் என்ன லாபம்? முடியின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் உள்ள இடங்கள் உண்டு. கால்சியம் போய் ஒட்டிக்கொள்வது அங்கேதான். சாயம் பூசிய, ப்ளீச் செய்த, வேதிமுறையில் நேராக்கிய முடியில் இந்த இடங்கள் அதிகம், அதனால் படிவும் அதிகம். மழைநீரால் பளிச்சென்று மாற்றம் தெரிவது இப்படிப்பட்ட தலைகளில்தான். எதுவும் செய்யாத, குட்டையான முடிக்கு மாற்றம் குறைவு.

முடி உதிர்வது நிற்குமா என்றால், நிற்காது. உதிர்வு வேரில் நடப்பது. தண்ணீர் படுவது தண்டில். தண்டு முறிவது வேறு கதை. அதிலும் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை: முடியியல் இதழ் ஒன்றில் 2013-இல் வந்த ஆய்வு, கடின நீரில் நனைத்த முடிக்கும் வாலைவடி (டிஸ்டில்டு) நீரில் நனைத்த முடிக்கும் இழுவிசை வலிமையில் குறிப்பிடும்படி வேறுபாடு இல்லை என்றது, அதே இதழில் 2018-இல் வந்த இன்னொன்று கடின நீரில் வலிமை குறைகிறது என்றது. தோலுக்கு வந்தால், 2011-இல் வெளியான ஒரு பெரிய சோதனையில் கரப்பான் (எக்ஸிமா) எனும் தோல்நோய் உள்ள 336 குழந்தைகளில் ஒரு பாதியினரின் வீடுகளில் 12 வாரம் நீர் மென்மையாக்கி பொருத்திப் பார்த்தார்கள். நோயின் தீவிரம் அதனால் கூடுதலாகக் குறையவில்லை. ஆனால் கடின நீரில் கழுவினால் சோடியம் லாரில் சல்பேட் என்ற நுரைப்பான் தோலில் அதிகமாகத் தங்கி எரிச்சலூட்டுகிறது என்று 2017-இல் 80 பேரிடம் செய்த ஆய்வு காட்டியது. ஆக மழைநீர் மருந்து ஆகாது. அழுக்கும் நுரைப்பானும் மிச்சமில்லாமல் போக உதவும் ஒரு நல்ல அலசல் நீர், அவ்வளவே.

பிடிப்பது

வானத்திலிருந்து நேராகப் பிடித்தால் பாதி சிக்கல் தீர்ந்தது. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர். இந்த ஒரு கணக்கு போதும். 60 செ.மீ. விட்டமுள்ள அகலத் தொட்டியின் வாய் சுமார் 0.28 சதுர மீட்டர்; 20 மி.மீ. மழையில் அதில் ஐந்தரை லிட்டர்தான் சேரும். அதற்குப் பதில் இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பை நான்கு மூலையிலும் கட்டி, நடுவில் ஒரு வழவழப்பான கல்லை வைத்துத் தாழ்த்தி, தாழ்ந்த இடத்தில் ஓட்டையிட்டுக் கீழே வாளி வைத்தால் அதே மழையில் 80 லிட்டர் கணக்கு வரும். தெறிப்பிலும் காற்றிலும் போவதைக் கழித்தாலும் 60 தேறும். வாளியைத் தரையில் வைக்காமல் ஒரு முக்காலியின் மேல் வையுங்கள். தரையில் விழும் துளி அரை மீட்டர் உயரத்துக்கு மண்ணைத் தெறிக்கவிடும். விரிப்பையும் வாளியையும் மழைக்கு முன்பே வைத்துவிடுங்கள். இடி மின்னல் இருக்கும்போது நகர்த்தப் போகாதீர்கள்.

நெடுநாள் வறட்சிக்குப் பிறகு வரும் முதல் மழையைத் தொடாமல் விட்டுவிடுவது உத்தமம். காற்றில் மிதந்த தூசி, புகைக்கரி, வாகன நச்சு எல்லாவற்றையும் அதுதான் கழுவிக்கொண்டு வருகிறது. அடுத்தடுத்த மழைகளிலும் முதல் பதினைந்து இருபது நிமிடம் போகட்டும். சிணுங்கித் தூறும் மழையைவிட, விட்டு விளாசும் மழையின் பின்பாதி சுத்தமானது. தூறலில் அதே அழுக்கு குறைந்த நீரில் கரைந்திருக்கும். பக்கத்து வயலில் பூச்சிமருந்து அடித்த வாரம், குப்பை எரிந்த நாள், தொழிற்சாலைப் புகை காற்றோடு வரும் திசை இவை இருந்தால் அன்றைக்குப் பிடிக்க வேண்டாம்.

கூரையிலிருந்து பிடிப்பதானால், ஒரு சதுர மீட்டருக்கு ஒன்றிலிருந்து இரண்டு லிட்டர் என்ற கணக்கில் முதல் நீரை வெளியே விட வேண்டும். 50 சதுர மீட்டர் கூரைக்கு 50 முதல் 100 லிட்டர். அப்புறம் வருவதையும் கொதிக்க வைக்காமல் முகத்தில் ஊற்றாதீர்கள். பறவை எச்சத்தில் சால்மொனெல்லா, கேம்பைலோபாக்டர் போன்ற வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். எலி ஓடும் கூரையில் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைரா இருக்கலாம், அது சின்னக் கீறல் வழியாகவே உள்ளே போகும். ஈயத் தகடு வைத்த கூரை, தார் பூசியது, ஆஸ்பெஸ்டாஸ் பெயர்ந்து தூளாகிறது, புதிதாகப் பெயின்ட் அடித்தது என்றால் அந்த நீர் செடிக்குக்கூட யோசிக்க வேண்டியது. தலைக்கு வேண்டவே வேண்டாம்.

வைத்திருப்பது

மென்மையான, லேசாக அமிலமான நீர் உலோகத்தைக் கரைக்கும். செம்புப் பாத்திரத்திலோ துத்தநாகம் பூசிய தகர வாளியிலோ நாள்கணக்கில் வைக்கக் கூடாது. செம்பு கரைந்த நீர் நரைமுடியிலும் ப்ளீச் செய்த முடியிலும் பச்சைச் சாயல் ஏற்றிவிடும். உணவுக்கு ஏற்ற எச்டிபிஇ பிளாஸ்டிக், கண்ணாடி, எவர்சில்வர் மூன்றும் சரி. வெளிச்சம் பட்டால் பாசி பிடிக்கும், அதனால் ஒளி ஊடுருவாத பாத்திரமாக இருக்கட்டும். பிடித்த நீரை ஒரு பன்னிரண்டு மணி நேரம் அசையாமல் தெளியவிட்டு, அடியில் நாலைந்து செ.மீ. விட்டுவிட்டு மேல்நீரை மட்டும் நான்காக மடித்த பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். துணி தூசியை நிறுத்தும். கிருமியை நிறுத்தாது.

கிருமிக்குக் கொதிநிலைதான் நம்பகமான வழி: தளதளவென்று கொதிக்க ஆரம்பித்த பின் ஒரு நிமிடம், கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேலே வசித்தால் மூன்று நிமிடம். மழைநீரைக் கொதிக்க வைத்தால் கெட்டிலில் வெள்ளைப் படிவு விழாது என்பது ஒரு உபரி சந்தோஷம். நிறைய நீர் என்றால் வாசனை சேர்க்காத 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட்டை (வீட்டு ப்ளீச் திரவம்) லிட்டருக்கு இரண்டு சொட்டு கலந்து அரை மணி நேரம் விடலாம். வெயிலில் வைப்பதானால் தெளிந்த நீரை இரண்டு லிட்டர் வரையுள்ள நிறமற்ற பெட் பாட்டில்களில் நிரப்பிப் படுக்கவைத்து முழு வெயிலில் ஆறு மணி நேரம். மேகமூட்டம் என்றால் இரண்டு நாள். மழைக்காலத்தில் வெயிலை நம்பி இந்த வழியைத் தேர்ந்தெடுப்பது எவ்வளவு சரி என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

டிடிஎஸ் மீட்டர் 15 காட்டுகிறது, ஆகவே நீர் சுத்தம் என்பது அடிக்கடி நடக்கும் தவறு. அந்தக் கருவி கரைந்த உப்பைத்தான் அளக்கிறது. பாக்டீரியா நிறைந்த மழைநீரும் 15-தான் காட்டும்.

தலை

சோப்புக் கட்டியால் தலை தேய்ப்பவர் முதல் நனைப்பிலிருந்து கடைசி அலசல் வரை மழைநீரையே வைத்துக்கொள்ள வேண்டும். உப்புத் தண்ணீரில் சோப்புப் போட்டுவிட்டு, கடைசியில் மட்டும் மழைநீர் ஊற்றினால் ஏற்கெனவே திரிந்து ஒட்டிய படலம் கரையாது. 'மழைநீரில் அலசியும் முடி பிசுக்காகவே இருக்கிறது' என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான். ஷாம்பு போடுபவருக்கு இந்தக் கட்டாயம் இல்லை. கழுவுவதைக் குழாய்த் தண்ணீரிலேயே முடித்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் மழைநீர் வைத்தால் போதும்.

அந்தக் கடைசி அலசலைச் சரியாகச் செய்வதில்தான் விஷயம் இருக்கிறது. உடம்புக்குக் குளித்து முடித்துவிட்டுத் தலைக்கு வாருங்கள். மழைநீர் ஊற்றிய தலையில் மறுபடி ஷவர் நீர் பட்டால் செய்ததெல்லாம் வீண். தலையைக் குனிந்து, முடியை முன்னால் போட்டு, வேரிலிருந்து நுனிவரை கையால் நன்றாகப் பிழியுங்கள். பிறகு அரை லிட்டர் மக்கால் பிடரியிலிருந்து மெதுவாக ஊற்றுங்கள், விரல்களால் கோதுங்கள், மறுபடி பிழியுங்கள். இப்படி மூன்று முறை. நீண்ட முடி பிழிந்த பிறகும் கால் லிட்டர் நீரைப் பிடித்து வைத்திருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு அரை லிட்டரும் அதை மூன்றில் ஒரு பங்காக நீர்க்கச் செய்கிறது; மூன்று முறைக்குப் பின் மிஞ்சுவது 27-இல் ஒரு பங்கு, அதாவது 300 இருந்த கடினம் 11 ஆகிவிடும். அதே ஒன்றரை லிட்டரைப் பிழியாமல் ஒரேயடியாகக் கலந்தால் ஏழில் ஒரு பங்கு மிஞ்சும், கடினம் 43. நீர் ஒன்றே, பிழிந்ததால் வந்த லாபம் நான்கு மடங்கு. தோள்வரை உள்ள முடிக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர், இடுப்புவரை என்றால் மூன்று நான்கு லிட்டர் எடுத்து வையுங்கள்.

முழுக் குளியலும் மழைநீரில் என்றால் ஷாம்புவைப் பாதியாக்குங்கள். வழக்கமான அளவைப் போட்டால் நுரை பொங்கும், அலச அலசத் தீராது, வாளி காலியாகும், முடியும் தலையோடு ஒட்டிக் கிடக்கும். கண்டிஷனரும் அப்படியே, பாதி. மெல்லிய முடிக்காரர்கள் கண்டிஷனரை நுனிக்கு மட்டும் தடவுவது நல்லது. அவர்களுக்கு மழைநீரில் முடி படிந்துபோய் அடர்த்தி குறைந்த மாதிரி தோன்றும். உப்புப் படிவு கொடுத்த சொரசொரப்பில்தான் இதுவரை முடி எழும்பி நின்றது. சுருள்முடிக்கு இதே குணம் வரப்பிரசாதம்.

மழைநீரில் இரண்டு முறை அலசியும் முடி சொரசொரத்தால், அது பழைய படிவு. அது மழைநீருக்கு அசையாது. உட்பொருள் பட்டியலில் இடிடிஏ (கால்சியத்தைப் பிடித்து இழுக்கும் பொருள்) உள்ள, படிவு நீக்கும் ஷாம்புவை ஒரு தடவை போட்டு ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். மாதம் ஒரு முறைக்கு மேல் தேவைப்படாது.

வினிகர் அலசல் செய்பவர்கள் இங்கே நிற்க வேண்டும். வழக்கில் உள்ள குறிப்புகள் லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது 15 மில்லி, 5 சதவீத வினிகர் என்கின்றன. பைகார்பனேட் நிறைந்த கடின நீரில் அந்த அமிலத்தில் ஒரு பங்கு சமனாகிப் போகிறது. காரத்தன்மை, அதாவது அமிலத்தைச் சமன்செய்யும் திறன், லிட்டருக்கு 200 மி.கி. உள்ள நீரில் பிஹெச் (எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 4.4 அளவில் நிற்கும். மழைநீரில் சமன்செய்ய ஒன்றுமே இல்லை. அதே 15 மில்லி அதை 3.3-க்கு இறக்கிவிடும், தலைத்தோலில் கீறலோ பொடுகுப் புண்ணோ இருந்தால் எரியும். மழைநீருக்கு ஒரு தேக்கரண்டி, 5 மில்லி, தாராளம், அதுவே 3.6 அருகில் வந்துவிடுகிறது. சிட்ரிக் அமிலத் தூள் இன்னும் பொல்லாதது: லிட்டருக்கு ஒரு கிராம் போட்டாலே பிஹெச் 3-க்குக் கீழே போகும். குறைத்துக் கால் கிராம் போடலாமென்றால், அவ்வளவு சின்ன அளவை வீட்டில் சரியாக நிறுக்க முடியாது; ஆகவே சிட்ரிக் அமிலத்தை விட்டுவிடலாம். சமையல் சோடாவுக்கும் மழைநீரில் வேலை இல்லை; மென்மையான நீரை இன்னும் மென்மையாக்க முடியாது, காரம்தான் ஏறும்.

மழைநீரின் பிஹெச் 5.6, தோலின் பிஹெச்சும் ஐந்தை ஒட்டியது, அதனால்தான் பொருந்துகிறது என்ற விளக்கமும் இதே இடத்தில் உடைகிறது. காற்றிலுள்ள கரியமில வாயு கரைந்ததால் வந்த 5.6 அது, பின்னால் தாங்கிப் பிடிக்க ஒன்றுமில்லாத எண். ஒரு துளி சோப்பு விழுந்தால் ஒன்பதைத் தாண்டும். தலையில் நிற்கும் பிஹெச்சைத் தீர்மானிப்பது நீங்கள் போடும் சோப்போ ஷாம்புவோதான்.

தோல்

முகத்துக்குக் கொதித்து ஆறிய மழைநீர் மட்டும். ஒரு தடவைக்கு அரை லிட்டர் போதும். வெதுவெதுப்பாக, கையில் சூடு உறைக்காத அளவில் இருக்கட்டும். முகம் கழுவும் திரவம் வழக்கத்தில் பாதி. அலசும்போது வழுக்கும், இன்னும் சோப்பு போகவில்லையோ என்று தோன்றும். கடின நீரில் கழுவியதும் 'கிறீச்' என்று உரசும் உணர்வைச் சுத்தம் என்று பழகிவிட்டோம். அந்த உரசல் தோலில் ஒட்டிய படலம். மழைநீரில் அது இல்லாததால் வழுக்கலாகத் தோன்றுகிறது. வழுக்கல் போகும்வரை என்று தேய்த்துக்கொண்டே இருந்தால் தோலின் இயல்பான எண்ணெயும் போய்விடும். மூன்று நான்கு முறை அள்ளி ஊற்றி, துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் மாய்ஸ்சரைசர் தடவிவிடுங்கள். மழைநீர் தோலில் ஈரத்தைப் பூட்டி வைக்காது.

மழைநீரை ஸ்ப்ரே பாட்டிலில் ஊற்றி நாள்முழுக்க முகத்தில் அடிக்கும் யோசனை மோசமானது. 25 முதல் 45 டிகிரி வரையிலான வெப்பத்தில் நிமோனியா உண்டாக்கும் லீஜியோனெல்லா பாக்டீரியா பெருகும். நுண்துளியாக அடித்தால் நேரே நுரையீரலுக்குப் போகும். பன்னீர், கற்றாழைச் சாறு கலந்தால் கிருமிக்குத் தீனியும் போட்டாயிற்று. வீட்டில் செய்யும் க்ரீமில் கலப்பதும் அதே கதைதான், பதப்படுத்தும் பொருள் இல்லாமல் நீர் சேர்ந்த எந்தக் க்ரீமும் சில நாளில் கெடும். கொதிக்க வைத்த நீரை மூடிய கண்ணாடிப் பாட்டிலில் குளிர்பெட்டியில் மூன்று நாள் வைக்கலாம், அதற்கு மேல் வேண்டாம்.

கான்டாக்ட் லென்ஸை இதில் கழுவாதீர்கள். நீரில் வாழும் அகாந்தமீபா என்ற அமீபா கண்ணைப் பாழாக்கும். மூக்குக்குள் இழுக்காதீர்கள். திறந்த புண், சவரம் செய்த உடனான தோல், கைக்குழந்தை, நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர் ஆகிய இடங்களில் கொதிக்காத மழைநீருக்கு இடமில்லை. வேர்க்காலைச் சுற்றிச் சின்னச் சின்னச் சீழ்க்கொப்புளம் வந்தால் சேமித்த நீரில் சூடோமோனாஸ் பாக்டீரியா இருக்கலாம். நீரைக் கொட்டிவிட்டு மருத்துவரைப் பாருங்கள். குடிப்பது தனி விஷயம்: 2022-இல் ஸ்டாக்ஹோம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உலகெங்கும் மழைநீரில் பிஎஃப்ஏஎஸ் எனும் அழியா வேதிப்பொருள்கள் குடிநீருக்கான ஆலோசனை அளவைத் தாண்டியிருப்பதாகச் சொன்னார்கள். கொதிக்க வைத்தால் அவை போகாது.

மழை இல்லாத மாதங்களில் வாலைவடி நீரோ ஆர்ஓ நீரோ அதே வேலையைச் செய்யும், ஏனென்றால் அவற்றிலும் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. ஏசியிலிருந்து சொட்டும் நீரும் அப்படித்தானே என்று கேட்பதுண்டு. உப்பு இல்லைதான், ஆனால் அது தூசி படிந்த சுருளின் மேல் வழிந்து, பாசி பிடித்த குழாயில் வருகிறது. தலைக்கு வேண்டாம்.

கொதிக்க வைக்காத நீரை மூடி நிழலில் வைத்தால் இரண்டு மூன்று நாள் தலை அலச எடுக்கலாம். நாற்றமோ கொழகொழப்போ தட்டினால் அதற்கு முன்பே கொட்டிவிடுங்கள். மூடி இல்லாத வாளியில் ஏடிஸ் கொசு முட்டையிட்டால் ஏழு பத்து நாளில் கொசுவாகப் பறக்கும். நீரைக் கொட்டிக் கவிழ்த்து வைத்தால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் அடுத்த மழையில் பொரிக்கும். ஒவ்வொரு முறையும் வாளியின் உட்பக்கத்தைக் கரடான நாரால் அழுத்தித் தேய்த்துக் கழுவி, காயவைத்து எடுத்து வையுங்கள்.